நர்ஸக்கா பதில்கள்: வாய்க்கால்ல இறங்குனா மனசு சரியாகுமா?

போன இதழ்ல சுகர்காரங்க வாக்கிங் பத்தி பதில் எழுதுறப்ப போற போக்குல ஒரு வரி போட்டுட்டேன். நான் வாக்கிங் எல்லாம் போறதில்ல, ஞாயித்துக்கிழமை காலையில எங்க தெருக்காரங்களோட வாய்க்கால்ல இறங்கி, தண்ணிய அடைச்சுக்கிட்டு மிதக்குற வெங்காயத்தாமரைச் செடிய இழுக்குறேன், அதுதான் எனக்கு எக்சர்சைஸ்னு. அந்த ஒரு வரிக்கு வந்த லெட்டர் இருக்கே, மூட்டு வலிக்கு கூட இவ்வளவு வந்ததில்ல. அதனால இந்த இதழ் முழுக்க அதுதான். யார் பேரும் போடல, ஊர் மட்டும்.

கும்பகோணம் வாசகி: என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகி எட்டு மாசம் ஆச்சு. காலையில பேப்பர், அப்புறம் டிவி, அப்புறம் போன். எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறார், ராத்திரி தூக்கமும் இல்ல. ஆறு, குளம்னு சுத்தம் பண்ற ஒரு குரூப்ல சேத்து விடலாம்னு பையன் சொல்றான். இதுல எல்லாம் மனசு சரியாகுமா, இல்ல சும்மா சொல்றதா நர்ஸக்கா?

சும்மா சொல்றதும் இருக்கு, நெசமும் இருக்கும்மா.

நான் கிராம சுகாதார நர்ஸா முப்பத்திமூணு வருஷம் ஓடிட்டு 2018 மே மாசம் ரிட்டயர் ஆனேன். முதல் மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது மாசத்துல இருந்து காலையில எந்திரிச்சா எங்க போறதுன்னு தெரியல. மருமக காபியில சக்கரை கூடன்னு ஒரு நாள் முழுக்க பேசாம இருந்திருக்கேன்னா பாத்துக்கோங்க. அந்த வருஷம் நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் அடிச்சுது. எங்க கொல்லையில பதினோரு தென்னை, வெளிச்சம் வந்து பாக்குறப்ப ரெண்டு நிக்குது. அதுல இருந்து மூணு மணிக்கு முழிப்பு வந்துடும், எந்திரிச்சு திண்ணையில உக்காந்துக்குவேன்.

வாய்க்கால் முழுக்க மரம் விழுந்து கெடந்துச்சு, தண்ணி வடியல, வடியலைன்னா சம்பா அழுகிடும். தெருவுல நாலு பேர் இறங்கி இழுக்க ஆரம்பிச்சாங்க, நானும் அரிவாளை எடுத்துட்டு போனேன். சேவை எல்லாம் இல்லம்மா, எங்க கொல்லைத் தண்ணியும் அதுலதான் வடியணும். மட்டை வெட்டி வெட்டி உள்ளங்கை காப்பு காச்சுது. பத்து நாள் இருக்கும், ஒரு நாள் ராத்திரி ஒம்பது மணிக்கு படுத்தவ காலையில அஞ்சுக்குதான் முழிச்சேன். ஆறு மாசத்துல அப்படி தூங்குனதே இல்ல.

இது என் கதை, ஒருத்தி கதைய வெச்சு மருந்து எழுத முடியாது. ஆராய்ச்சியும் இருக்கு. 1984ல ரோஜர் உல்ரிச்னு ஒருத்தர் அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல ஒரு ஆஸ்பத்திரியோட பழைய ரெக்கார்ட எடுத்துப் பாத்தார். பித்தப்பை ஆபரேஷன் ஆன 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னல்ல மரம் தெரியும், மீதிப் பேருக்கு செங்கல் சுவர். மரம் தெரிஞ்சவங்க சீக்கிரம் வீட்டுக்குப் போயிருக்காங்க, ஸ்ட்ராங்கான வலி மருந்தும் கம்மியா தேவைப்பட்டிருக்கு. நான் இத படிக்கிறப்ப எங்க வார்டு ஜன்னல் ஞாபகம்தான் வந்துச்சு, தொறந்தா சைக்கிள் ஸ்டாண்ட்.

அப்புறம் 2019ல இங்கிலாந்துல கிட்டத்தட்ட இருவதாயிரம் பேர்கிட்ட கேட்டு எழுதுனது, வாரத்துக்கு ரெண்டு மணி நேரமாவது மரம், செடி, ஆறு, கடல்னு வெளியில இருக்கிறவங்க உடம்பும் மனசும் நல்லா இருக்குன்னு சொல்றது கூடுதல், அத ஒரே நாள்ல போனாலும் சரி பிச்சு பிச்சு போனாலும் சரி. ஆனா ஒண்ணு கவனிங்க, நல்லா இருக்கிறவங்கதான் வெளியில போறாங்களோ என்னவோ, அத இந்த மாதிரி கணக்கெடுப்பு வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. மரத்தப் பாத்தா எல்லாம் போயிடும்னு வாட்சப்ல வர்றத நம்பாதீங்க.

என் அனுபவத்துல மரம் பாதிதான், மீதி பாதி வேற. நம்ம வரலைன்னா ஏன் வரலைன்னு கேக்க நாலு பேர் இருக்கணும், செஞ்ச வேலை கண்ணுக்குத் தெரியணும். ரிட்டயர் ஆனவங்களுக்கு இது ரெண்டும்தான் ஒரே நாள்ல போயிடுது.

அதனால அவர்கிட்ட மனசுக்கு நல்லதுன்னு சொல்லி அனுப்பாதீங்க, ரோஷம் வந்துடும். மண்வெட்டி பிடிக்க ஆள் பத்தலையாம்னு சொல்லுங்க. உங்க ஊர்ல வேலைக்கா பஞ்சம்? ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காவிரி படித்துறைக்குப் போனா தெரியும். முளைப்பாரி, பழைய துணி, பிளாஸ்டிக் கவரோட போட்ட மஞ்சள் குங்குமம், எல்லாம் படியில ஒதுங்கிக் கெடக்கும். ஒரு தடவை பொறுக்குனார்னா அடுத்த வருஷம் கவரோட போடுறவங்கள அவரே அதட்டுவார், வீட்டுல எரிஞ்சு விழறத விட அது மேல்.

தஞ்சாவூர் வாசகர், வயசு 27: ஐடி வேலை, வீட்டுல இருந்தே பாக்குறேன். ஜிம்முக்கு பணம் கட்டியிருக்கேன். வாய்க்கால் தூர்வாரது அரசாங்க வேலை தானே? பொக்லைன் வெச்சு ஒரு நாள்ல முடிக்கிறத நாம ஏன் கையால செய்யணும்?

தம்பி, பாதி சரியாத்தான் கேட்டிருக்கீங்க. மேட்டூர் அணை 1934ல கட்டி முடிச்சது, வழக்கமா ஜூன் 12 தொறப்பாங்க, அதுக்கு முன்னாடி சித்திரை வைகாசியில ஆறும் பெரிய வாய்க்காலும் மெஷின் வெச்சு தூர்வாருவாங்க. அதுல நாம போய் நிக்க வேண்டியதில்ல, நின்னா இடைஞ்சல்தான். ஆனா மெஷின் இறங்க முடியாத சின்ன வாய்க்கால் இருக்குல்ல, வயலுக்குப் பிரியிற கிளை, அங்கதான் தண்ணி நிக்கும். கடைமடையில இருக்கிற எங்களுக்கு தண்ணி வந்து சேர்றதே லேட்டு, அதுவும் மதகுக்கு முன்னாடி வெங்காயத்தாமரை அடைச்சுக்கிட்டா எதிர்க்க தண்ணி தளும்பும், இந்தப் பக்கம் வயல் வெடிச்சுக் கெடக்கும்.

அந்தச் செடிய கிட்ட போய் பாத்திருக்கீங்களா? தென் அமெரிக்காவுல இருந்து வந்தது. இலைக்காம்பு வெங்காயம் மாதிரி உப்பி இருக்கும், அமுக்குனா பஞ்சு, உள்ள முழுக்க காத்து, அதான் மிதக்குது. ஒரு செடிய இழுத்தா பக்கத்துச் செடியும் கூடவே வரும், தாயும் புள்ளையும் தொப்புள் கொடி மாதிரி ஒரு தண்டுல கோத்துக்கிட்டு இருக்கும். நான் எத்தனையோ பிரசவம் பாத்தவ, முதல் நாள் அத பாத்துட்டு சிரிச்சுட்டேன். கொஞ்சம் விட்டாலும் போச்சு, நல்ல வெயில் காலத்துல ரெண்டு வாரத்துல ரெண்டு மடங்கு ஆயிடும். ஊதாப் பூ விடுறதுக்கு முன்னாடியே எடுத்துடணும், விதை சேத்துல விழுந்துச்சுன்னா வருஷக்கணக்குல காத்திருந்து முளைக்கும். எடுத்தத கரை ஓரத்துல போட்டுட்டு போட்டோ எடுத்துட்டு போனா அடுத்த மழையில திரும்ப உள்ள வந்துடும், கரைக்கு அந்தப் பக்கம் தூரமா போட்டு மக்க விடணும். வேர உதறிட்டு போடுங்க, கருப்பா தாடி மாதிரி தொங்கும், அதுக்குள்ள மீன் குஞ்சு இருக்கும். ஒரு தடவை அப்படி உதறுனப்ப சிவப்பா பொடிப் பொடியா விரால் குஞ்சு ஒரு கூட்டம், கீழ தாய் விரால் சுத்திக்கிட்டே இருந்துச்சு. அன்னைக்கு அந்த இடத்த விட்டுட்டு வேற பக்கம் போயிட்டோம்.

ஜிம் பத்தி கேட்டீங்களே, இங்கிலாந்துல 1998ல வில்லியம் பேர்ட்னு ஒரு டாக்டர் 'கிரீன் ஜிம்'னே ஆரம்பிச்சார், மெஷின்ல ஓடுறதுக்குப் பதிலா மண் வெட்டுறது, புதர் வெட்டுறது. வாரத்துக்கு 150 நிமிஷம் உடம்பு அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, எங்க ஞாயித்துக்கிழமையில மூணு மணி நேரம் ஓடிடும். ஜிம்ம விட வேண்டாம், பணம் கட்டியாச்சுல்ல. ஒரே ஒரு வாரம் வந்து பாருங்க, அடைப்ப எடுத்த உடனே தண்ணி ஒரு சத்தம் போட்டுக்கிட்டு ஓடும், அத ஜிம்முல கேக்க முடியாது.

மன்னார்குடி வாசகர்: ஒரு அமைப்புல சேந்து குளக்கரையில இருநூறு கன்னு நட்டோம். பேனர், டீ சர்ட், போட்டோ எல்லாம் அமர்க்களம். நாலு மாசம் கழிச்சு போய் பாத்தா பத்து கூட இல்ல. இப்ப யார் கூப்பிட்டாலும் போக மனசு வரல.

வராது தம்பி. செத்துப்போன கன்ன பாத்தா நல்லது செஞ்ச சந்தோஷமும் சேந்து செத்துடும். மனசுக்கு நல்லதுன்னு சொல்றாங்களே, அது தலைகீழா வேலை செய்யிற இடம் இதுதான்.

நாங்களும் பண்ணியிருக்கோம். 2019ல நாப்பது கன்னு, புங்கன் பாதி, நாவல் பாதி, நட்டுட்டு பெருமையா வீட்டுக்குப் போனோம். ஆட்டுக்கு இத யார் சொன்னதுன்னு தெரியல, ஒரே வாரத்துல எல்லாம் குச்சி. நட்ட எங்களுக்குள்ளயே சண்டை, வேலி போடுறது யார் பொறுப்புன்னு. அப்புறம் பன்னெண்டே பன்னெண்டுதான் நட்டோம், ஒரு வீட்டுக்கு ரெண்டு, யாரோடது செத்தாலும் அவங்க வீட்டு வாசல்ல நின்னு கேப்போம். சீமைக்கருவேல முள்ள வெட்டி சுத்தி அடைச்சோம், அந்த முள்ளு உருப்படியா பண்ணுன ஒரே காரியம் அதுதான். மாசியில இருந்து வைகாசி வரைக்கும் தண்ணி ஊத்தணும், அந்த நாலு மாசம் ஒரு போட்டோவும் வராது, யாரும் வர மாட்டாங்க. பன்னெண்டுல ஒம்பது நிக்குது, ஒண்ணுல போன வருஷம் நாவப்பழம் விழுந்துச்சு.

அடுத்த தடவை யாராவது கூப்பிட்டா சித்திரையில தண்ணி ஊத்த எந்த வண்டி வரும், யார் வருவாங்கன்னு கேளுங்க. பதில் வரலைன்னா வீட்டுலயே தூங்குங்க.

பட்டுக்கோட்டை வாசகர்: கஜாவுல தென்னை எல்லாம் போச்சு. இனிமே ஊருக்காக நடுறதுன்னா என்ன மரம் நடலாம்?

கஜா அன்னைக்கு எது நின்னுச்சுன்னு உங்களுக்கே தெரியுமே அண்ணே, பனை. மாநில மரம்னு போர்டு வெச்சா மட்டும் பத்தாது. ஆவணி புரட்டாசியில பனம்பழம் விழுறப்ப கொட்டைய பொறுக்கி வெச்சுக்கிட்டு ஐப்பசி மழைக்கு முன்னாடி ஊனிடுங்க, ஒண்ணுக்கொண்ணு பத்தடி விட்டு. இதுல ஒரு கூத்து இருக்கு. மத்த விதை மாதிரி முளை மேல வராது, முதல்ல கீழ போகும், மண்ணுக்குள்ள கிழங்கா இறங்கும், மேல ஓலை தல காட்ட மாசக்கணக்குல ஆகும். நம்ம ஆளுங்க ரெண்டு மாசத்துல வந்து பாத்துட்டு ஒண்ணும் முளைக்கல, வேஸ்டுன்னு போயிடுவாங்க. சிலர் தோண்டி அவிச்சு தின்னுட்டும் போயிடுவாங்க, அது வேற. காய்க்க பதினஞ்சு வருஷம் பக்கம் ஆகும், நம்ம நுங்கு வெட்டுவோமான்னு கணக்கு போடாம ஊனுங்க.

உப்புக்காத்து வர்ற இடம்னா பூவரசு, புன்னை. உள்ளடங்குன ஊர்னா புங்கன், மருது, இலுப்பை, நாவல். இன்னொண்ணு, சீமைக்கருவேலத்த ஒழிக்கிறேன்னு கிளம்புற உற்சாகத்துல நாட்டுக் கருவேலத்தையும் சேத்து வெட்டிடுறாங்க, வயித்தெரிச்சலா இருக்கு. மஞ்சளா உருண்டை உருண்டையா பூவும், மணி கோத்த மாதிரி இடுக்கு விழுந்த காயும் இருந்தா அது நாட்டுக் கருவேலம், ஏரிக்குள்ள கொக்கும் நாரையும் கூடு கட்டுறது அதுலதான். அருவாள கீழ போடுங்க.

நாகப்பட்டினம் வாசகி: காலேஜ் படிக்கிற மக ராத்திரியில கடற்கரைக்குப் போய் ஆமை முட்டைய பாதுகாக்க எடுக்கிறவங்களோட போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. பொம்பளப் புள்ள, ராத்திரி நேரம், பயமா இருக்கு.

பயப்படுறது தப்பில்லம்மா, யாரோட போறான்னு மட்டும் பாருங்க. ஆலிவ் ரிட்லி ஆமைய, பங்குனி ஆமைன்னும் சொல்லுவாங்க, 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் பட்டியல்ல வெச்சிருக்காங்க, யார் வேணாலும் போய் முட்டைய தொட முடியாது. வனத்துறை ஆளோட, அனுமதியோட போற குரூப்பா இருக்கணும். அப்படி இருந்தா அனுப்புங்க, முடிஞ்சா முதல் தடவை நீங்களும் கூடப் போங்க.

தை மாசி பங்குனியிலதான் அதிகமா கரைக்கு வரும். ஒரு குழியில நூறு முட்டைக்கு மேல இருக்கும், பாக்க பிங்பாங் பந்து மாதிரி. நாய், நரி தோண்டிடும்னுதான் எடுத்து வேலி போட்ட பொரிப்பகத்துல வைக்கிறாங்க. அத புரட்டாம, உருட்டாம, சில மணி நேரத்துக்குள்ள மாத்திப் பொதைக்கணும், இல்லாட்டி உள்ள கரு ஒட்டுனது பிச்சுக்கும். நாப்பத்தஞ்சுல இருந்து அறுவது நாள்ல பொரியும். மண்ணு சூடு கூடுனா பொட்டை, குறைஞ்சா கடுவன், இத ஒரு தடவை ஒரு வனக்காப்பாளர் சொன்னப்ப நான் நம்பவே இல்ல, பொட்டப் புள்ள பொறந்ததுக்கு மருமகளத் திட்டுற எத்தனை மாமியார பாத்திருக்கேன், அவங்கள எல்லாம் கூட்டிட்டு வந்து காட்டணும்னு தோணுச்சு.

உங்க மகள்கிட்ட சொல்லுங்க, டார்ச், போன் வெளிச்சம் அடிக்கக் கூடாது. குஞ்சு வெளிச்சம் தெரியிற பக்கம்தான் ஓடும், கடலுக்குப் பதிலா ரோட்டுப் பக்கம் வந்துடும்.

வடுவூர் பக்கத்து வாசகர்: பத்து வயசு பையன், கையில போன் இல்லாம சோறு இறங்கல. அவன வெச்சு என்ன சேவை செய்ய முடியும்?

ஏரிய பக்கத்துல வெச்சுக்கிட்டு என்கிட்ட கேக்குறீங்களே தம்பி! வடுவூர் ஏரிக்கும் உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயத்துக்கும் 2022ல ராம்சார் அந்தஸ்து கெடைச்சுது, உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு அர்த்தம். ரெண்டுக்கும் மேட்டூர் தண்ணிதான் உயிர்.

2015ல இருந்து வருஷா வருஷம் பொங்கல் லீவுல பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புன்னு நடக்குது. பதினஞ்சு நிமிஷம் ஒரு இடத்துல நின்னு என்ன பறவை, எத்தனைன்னு எண்ணி இ-பேர்ட்ங்கிற ஆப்ல போடணும், மொட்டை மாடியில நின்னும் எண்ணலாம். போன புடுங்காதீங்க, அந்த போன்லயே இத போடச் சொல்லுங்க. எந்த வருஷம் எந்தப் பறவை குறையுதுன்னு இந்த மாதிரி சேர்ற கணக்குலதான் தெரிய வருது.

முதல்ல நத்தைக்குத்தி நாரைய காட்டுங்க. அலகு மூடுனா கூட நடுவுல சந்து இருக்கும், அதுக்குள்ள அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும். வயல்ல நத்தைய எப்படி அந்த அலக வெச்சு உருவுதுன்னு பையன் ஒரு தடவை பாத்துட்டான்னா உங்கள விட மாட்டான். எங்க பேரன் இப்ப கல்யாண வீட்டுல சாப்பிடுறப்ப கூட ஜன்னல் வழியா எண்ணுறான், அதுவும் ஒரு தொல்லைதான்.

மயிலாடுதுறை வாசகர், வயசு 58: எனக்கு சுகர் பன்னெண்டு வருஷமா. காவிரி துலாக்கட்டம் படித்துறைப் பக்கம் சுத்தம் பண்றாங்க, நானும் இறங்கலாமா?

கரையில நில்லுங்க அண்ணே, தண்ணியில இறங்காதீங்க. நான் நர்ஸா பேசுற இடம் இது. சுகர்காரங்களுக்கு கால்ல கண்ணாடிச் சில்லு குத்துனா கூட தெரியாது, சாயங்காலம் பாத்தா செருப்புல ரத்தம் இருக்கும். ஐப்பசி முழுக்குக்கு கூட்டம் வந்துட்டுப் போன படித்துறையில எண்ணெய் பாக்கெட்டும் ஊசியும் பிளேடும் கெடக்கும். கரையில மூட்டை கட்டவும், கணக்கு எழுதவும், டீக்கு சொல்லவும் ஆள் வேணும், அது சின்ன வேலை இல்ல.

சுகர் இல்லாதவங்களுக்கும் சேத்து சொல்றேன். தேங்குன தண்ணியில எலி மூத்திரம் கலந்திருக்கும், கால்ல இருக்கிற வெடிப்பு வழியா எலிக்காய்ச்சல் ஏறிடும். ரப்பர் பூட்ஸ், கையுறை போடுங்க, புண்ணு இருந்தா இறங்காதீங்க. இறங்கிட்டு வந்து ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்ணு சிவப்புன்னு வந்தா டாக்டர்கிட்ட முதல் வார்த்தையே 'வாய்க்கால்ல இறங்குனேன்'னு சொல்லணும். அத சொல்லாம ஊசி போட்டுட்டு வந்து சீரியஸ் ஆனவங்கள எனக்குத் தெரியும். டிடி ஊசி போட்டிருக்கீங்களான்னும் பாத்துக்கோங்க. குச்சியால தட்டாம புதருக்குள்ள கைய விடாதீங்க, நம்ம பக்கம் கண்ணாடி விரியனுக்கு குறைச்சல் இல்ல. பத்து மணி வெயிலுக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிடுங்க.

திருவாரூர் வாசகி: டிப்ரஷனுக்கு ஒரு வருஷமா மாத்திரை சாப்பிடுறேன். இந்த மாதிரி வெளியில போய் வேலை செஞ்சா மாத்திரைய நிறுத்திடலாமா?

கூடாதும்மா. மாத்திரைய குறைக்கிறதும் நிறுத்துறதும் டாக்டர் சொல்லித்தான் செய்யணும், பட்டுன்னு நிறுத்துனா உடம்பு படுத்தி எடுத்துடும். மாத்திரையும் சாப்பிடுங்க, வாய்க்காலுக்கும் வாங்க, ஒண்ணு இன்னொண்ணுக்கு சக்களத்தி இல்ல. எந்திரிக்கவே முடியாத நாள் வரும், அன்னைக்கு வராம இருக்கிறதுக்கு குத்தமா நினைக்காதீங்க. ராத்திரியில ரொம்ப முடியலைன்னா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்ல பேசுவாங்க.

அதிராம்பட்டினம் மாணவர்: அலையாத்திக் காட்டுல செடி நடணும்னு ஆசை. எப்படி?

ஆசைய கொஞ்சம் மாத்திக்கோங்க தம்பி. முத்துப்பேட்டை பக்கம் காடு அழிஞ்ச இடத்துல செடி இல்லாதது மட்டும் பிரச்சனை இல்ல, கடல் தண்ணி பள்ளத்துல வந்து நின்னு காஞ்சு உப்பு ஏறிப் போச்சு, அந்த மண்ணுல எது நட்டாலும் கருகிடும். அதனால வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேந்து மீன் முள்ளு மாதிரி நடுவுல ஒரு வாய்க்கால், ரெண்டு பக்கமும் கிளைன்னு வெட்டுனாங்க, கடல் ஓதம் ஏறி இறங்க ஆரம்பிச்சதும் உப்பு கழுவிட்டுப் போச்சு, வெண்கண்டல்ங்கிற அலையாத்தி மரம் பிடிச்சு வந்துச்சு. அந்த வாய்க்கால்ல சேறு அடைக்காம பாத்துக்கிட்டாலே காடு தானா நடந்து வரும். தனியா போகாதீங்க, வனத்துறை அலுவலகத்துல கேட்டு அவங்க வேலை வைக்கிறப்ப போங்க.

கோட்டூர் பக்கத்து வாசகி: நான் கூலி வேலை பாக்குறவ, நூறு நாள் வேலையில வாய்க்கா வெட்டுறவ. என் மக படிச்சு சொன்னா, நீங்க ஞாயித்துக்கிழமை வெட்டுறீங்கன்னு. எங்களுக்கு அது இடுப்பு ஒடியிற வேலை, உங்களுக்கு மட்டும் எப்படி மனசுக்கு மருந்தாகுது?

ரெண்டு நாள் இந்த லெட்டர வெச்சுக்கிட்டே இருந்தேன் தாயி. உண்மையச் சொல்றேன். எனக்கு பென்ஷன் வருது, கை வலிச்சா நிறுத்திடலாம், அடுத்த வாரம் வரலைன்னா கூலி போகாது. அதான் எனக்கு மருந்து. ஊர்க்காரங்களே ஏரி, வாய்க்கால சரி பண்றத குடிமராமத்துன்னு இன்னைக்கு பெருமையா பேசுறோம், 2017ல அந்தப் பேர்ல திட்டமே வந்துச்சு, ஆனா 1858லயே மெட்ராஸ் மாகாணத்துல கட்டாய உழைப்புச் சட்டம்னு ஒண்ணு போட்டு ஏரி, வாய்க்கால் வேலைக்கு ஆள் இழுத்திருக்காங்க. மண்ணுல இறங்குனது யாரு, கரையில குடை பிடிச்சு நின்னது யாருன்னு உங்க பாட்டிக்கு தெரிஞ்சிருக்கும்.

உங்க கூலிய நாங்க கெடுத்துடக் கூடாதுன்னு ஒரு பயம் எனக்கு உண்டு. ஓசியில ஆளுங்க செய்யிறாங்கன்னு சொல்லி நூறு நாள் வேலைய குறைச்சாங்கன்னா அந்தப் பாவம் எங்களுக்குத்தான். அதனால பஞ்சாயத்துல எந்த வாய்க்கால் எஸ்டிமேட்ல இருக்குன்னு கேட்டுட்டு அதுல நாங்க கைய வைக்கிறதில்ல, விட்டுப்போன கிளையிலதான் இறங்குறோம்.

இன்னொண்ணும் சொல்லணும். முதல் வருஷம் என்னை மாதிரி பத்து பேர் இறங்கி கைய கிழிச்சுக்கிட்டு நின்னப்ப, உங்கள மாதிரி ஒரு அக்கா, அறுவது வயசு இருக்கும், நாத்து நட்டுட்டு கரையில நடந்து போனவங்க எங்கள பாத்து சிரிச்சாங்க. தூக்குச்சட்டிய மேட்டுல வெச்சுட்டு இறங்கி வந்து என் கையில இருந்த அருவாள வாங்கி, "செடிய இழுக்காத நர்ஸம்மா, தண்ணி இழுக்கும், நீ வெட்டி விடு. கால அகட்டி நில்லு. எதிர்த் தண்ணிய பாத்து நிக்காத"ன்னு சொல்லி ஒரு வெட்டு வெட்டுனாங்க. கட்டில் அகலத்துக்கு ஒரு பத்தை அப்படியே பிச்சுக்கிட்டு மெதுவா மதகுப் பக்கம் போச்சு. அருவாள திருப்பிக் குடுத்துட்டு, சேலைய உதறிட்டு, சட்டிய தூக்கிக்கிட்டு போயிட்டாங்க.